பொட்டு வச்ச ரிமோட்டு

என் கை அரத்து மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. பொய்யின்னா, நான் இதுவரைக்கும் வெட்டிக் குடுத்த சாவி அம்புட்டும் நடு ரோட்டுல முறிஞ்சு பூட்டுக்குள்ளயே நிக்கட்டும். அதுல ஒங்க வண்டிச் சாவியும் இருந்தா அது ஒங்க பாடு. சத்தியம் பண்றவன் யாரு யாரு வண்டின்னு பாத்துக்கிட்டா பண்ண முடியும்.

வெள்ளைக் காரு. குலசாமி கோயிலுக்கு முன்னாடி பொட்டல்ல நிக்கிது, உசிலம்பட்டி வெயிலு அது மேல ஏறி நிக்கிது, டிரைவர் பக்கத்துக் கதவுகிட்ட நான் குத்தவச்சிருக்கேன். கதவு இடுக்குல காத்துப் பையச் சொருகி அமுக்குறேன், புஸ்ஸு புஸ்ஸுன்னு உப்புது, கதவு ஒரு விரக்கடை வாயத் தொறக்குது, அதுக்குள்ள கொக்கிக் கம்பிய விட்டு உள்பக்கத்துப் பிடிய இழுத்தாச் சோலி முடிஞ்சுச்சு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும். அதான் முடிக்க மாட்டேங்குறேன். வலது கை கம்பிய உள்ள தள்ளுது, எடது கை சத்தமில்லாமக் காத்த எறக்கி விடுது. பாக்குறவனுக்கு வீரணன் உசுரக் குடுத்து வேல பாக்குற மாதிரி இருக்கும். வேர்வை நெசந்தான், வெயிலு ஓசி. "என்னடா சாவி, தெறக்குதா இல்லையா?" பின்னாடி நின்னு கேக்குறது சின்னமாயன் அண்ணன், காருக்குச் சொந்தக்காரரு, எங்க பெரியப்பா மகன், ரோடு காண்ட்ராக்டு. எனக்கு வீரணன்னு பேரு இருக்குறது அவருக்கு மறந்து ரொம்ப நாளாச்சு, தொழிலச் சொல்லித்தான் கூப்புடுவாரு. "தெறக்கும்ணே, கூட்டம் நிக்கிதுல்ல, பூட்டு கொஞ்சம் கூச்சப்படுது"ன்னேன். பொம்பளைக சிரிச்சாக. சிரிங்க ஆத்தா, நல்லாச் சிரிங்க, இன்னைக்கு ராகு காலம் வரைக்கும் ஒங்களச் சிரிக்க வைக்கிறதுதான் என் வேல. உள்ள பாக்குறேன், கண்ணாடியில மூக்கு ஒட்டிச் சுடுது. சீட்டு மேல மல்லாக்கக் கெடக்கு ரிமோட்டு சாவி. ஆயுத பூசைக்குப் பூசுன சந்தனம் பொருக்குத் தட்டி, நடுவுல குங்குமம் வச்சு, கல்யாணப் பொண்ணு கணக்கா. அந்தச் சந்தனம் பட்டனுக்குள்ள எறங்கி எறுகிருச்சு, பூட்டுற பட்டன் அமுங்குனது அமுங்குனபடியே நிக்கிது. காரு தன்னால பூட்டிக்கிருது. ஊசி மொனையும் ஒரு சொட்டு பெட்ரோலும் போதும் அதச் சொரண்டி எடுக்க. ஆனா அண்ணன் காலையில வந்து எறங்குனதும் ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்றாரு, "நம்ம காரு ரோசக்காரிப்பா, சாவிய உள்ள வச்சுட்டுக் கதவச் சாத்துனா அதுவே பூட்டிக்கிரும், ஆட்டோமேட்டிக்கு, யாரும் வச்சுட்டுச் சாத்திப்புடாதீக"ன்னு. சந்தனம் பண்ற வேலைய என்ஜினியரு பண்ணதா நெனச்சுக்கிட்டு மீசையத் தடவுறாரு. நான் வாயத் தெறக்கல. எதுக்குத் தெறக்கணும், என்னியவா கேட்டாரு.

கேக்க மாட்டாய்ங்க. அதான் விசயமே, கேக்க மாட்டாய்ங்க. என் கூடப் பொறந்த தங்கச்சி பஞ்சவர்ணம் மகளுக்குக் காது குத்து இன்னைக்கு. யாழிசைன்னு பேரு, நான் யாழிம்பேன், மொட்டையடிச்சுச் சந்தனம் தடவி அதுவும் ஒரு ரிமோட்டு மாதிரித்தான் உக்காந்திருக்கு. தாய்மாமன் தோடு கொண்டாரணும், தாய்மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சுத்தான் குத்தணும், யாரு தோடோ அவன் மடி. தாய்மாமன் யாரு? ஒரு வயித்துல பொறந்தவன் நானா, பெரியப்பா மகன் அவரா? இதச் சின்னப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். ஆனா எம் மாப்ள தனிக்கொடி, தங்கச்சி புருசன், அண்ணன்கிட்ட லோடு வண்டி ஓட்டுறாரு. அதனால அவரு மடி பெரிய மடியாப் போச்சு. பிளாட்பாரத்துல கொடையப் போட்டுச் சாவி வெட்டுறவன் மடி, மடி இல்லையாம். ஃபிளெக்ஸ் வச்சிருக்காய்ங்க ரோட்டோரம், பனை ஒசரத்துக்கு, அதுல இந்தக் காரு மேல சாஞ்சு நின்னு கும்பிடுறாரு அண்ணன், 'தாய்மாமன்'னு போட்டு. நானும் இருக்கேன், இல்லன்னு சொல்லக் கூடாது, கீழ மூலையில, மீன்கடைத் தராசுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், மூக்குக்குக் கீழ எல்லாத்தையும் ஃபிளெக்ஸ் கடைக்காரன் போன் நம்பரு முழுங்கிருச்சு. எம் பொண்டாட்டி ராக்கு அதப் போட்டோவுல பாத்துட்டுத்தான் வரலைன்னுட்டா, "ஒங்க வாய்க்கே அதுல எடமில்ல, எனக்கு எங்க எடம் இருக்கப் போவுது, நீங்க போயிச் சோறு தின்னுட்டு வாங்க." எங்களுக்குன்னு பிள்ள இல்ல. கோயில் கோயிலாப் போயி வேண்டி ஓஞ்சு போனோம். இந்த மடியில ஒரு பிள்ள சட்டமா உக்காந்து அழணும்னா அது இந்த ஒரு நாளுதான், இது போனா அடுத்து இல்ல. ராக்கு அத வாய் விட்டுச் சொல்லல, நேத்து அவ தோட்டக் கழட்டிச் சின்னப்பிள்ளைக்கு ஏத்த மாதிரி அழிச்சுப் பண்ணிட்டு வாங்கன்னு கையில திணிச்சா, அம்புட்டுத்தான். கொண்டாந்திருக்கேன். என் டீவியெஸ் வண்டிக்குப் பக்கவாட்டுல ஒரு தகரப் பெட்டி இருக்கு, அதுக்குள்ள, அரத்துக்கும் திருப்புளிக்கும் நடுவுல, மஞ்சத் துணியில சுத்தி வச்சிருக்கேன். இந்தா, வேப்ப மரத்தடியில நிக்கிது வண்டி. ஒருத்தன் கேக்கட்டும். 'வீரணா, நீ தோடு கொண்டாந்தியா'ன்னு ஒரே ஒருத்தன். நானாப் போயி நீட்ட மாட்டேன். நீட்டுனா என்ன சொல்வாய்ங்க தெரியுமா, 'வச்சுட்டுப் போ, அண்ணன் மடியில வச்சுக் குத்திக்கிறலாம்'பாய்ங்க. கேக்கணும். அவிங்க வாயால கேக்கணும்.

"கண்ணாடிய ஒடைச்சிருவோமா மாமா?" இது மாப்ள, அண்ணன்கிட்ட. "ஏன், ஒன் மண்டைய ஒடைப்பமா? அது கம்பெனிக் கண்ணாடிடா"ங்குறாரு அவரு. நெஞ்சுக்குள்ள அப்புடி ஒரு குளிரு எனக்கு, இளநி குடிச்ச மாதிரி. அண்ணன் வாங்குன தோட்டுப் பெட்டி டேஷ்போர்டு அறைக்குள்ள இருக்கு, ஸ்டேரிங்குக்கு அந்தாண்ட, கையெட்டுற தூரம், கண்ணாடிதான் குறுக்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், காது குத்துற பத்தரு ஊசியோட தவிக்கிறாரு, இன்னொரு கோயில்ல இன்னொரு காது காத்துக்கிட்டிருக்காம். நான் கம்பிய இந்தப் பக்கம் ஆட்டுறேன், அந்தப் பக்கம் ஆட்டுறேன், நாக்கக் கடிச்சுக்கிறேன், "ச்சே, தப்பிருச்சு"ங்குறேன். சாவடி அடிக்கிற சொகம் இருக்கே, கைல கத்தி வேணாம், ஒண்ணும் வேணாம், தெரிஞ்ச வேலையத் தெரியாத மாதிரிச் செஞ்சாப் போதும். நல்லா வேகு ராசா. ஃபிளெக்ஸுல சாஞ்சு நின்ன காரு இது, இப்பச் சாஞ்சு பாரு, தோலு உரியும். ஆனா ஒரு நெனப்பு, அரத்துத் தூசி கண்ணுல விழுந்த மாதிரி, உறுத்திக்கிட்டே இருக்கு. இந்தச் சாவிய உள்ள வச்சுட்டுச் சாத்துனது யாருன்னா பஞ்சவர்ணம். தோட்டுப் பெட்டிய எடுத்துட்டு வான்னு அவளத்தான் அனுப்புனாய்ங்க. போனவ வெறுங்கையோட வந்து நிக்கிறா, "ஐயையோ, மறந்து உள்ளயே வச்சுட்டேன்"ங்குறா. அண்ணன் வந்த கோவத்துக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி, "கூறு கெட்டவளே, காலைலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, ஒனக்கெல்லாம் எதுக்குடி வெளி வேல"ன்னாரு. எந் தங்கச்சிய. மாப்ள பக்கத்துல நின்னு தரையப் பாத்துக்கிட்டிருக்காரு. என் கைல அப்பத் திருப்புளி இருந்துச்சு, அதக் கீழ வச்சேன், வச்சிட்டுத்தான் கைய நீட்டிச் சிரிச்சேன், "தள்ளுங்கண்ணே, நான் பாக்குறேன்"னேன். அப்ப முடிவு பண்ணது, இது தெறக்காதுன்னு. ஆனா அவ மேலயும் கோவம் எனக்கு. பத்திரிகை அடிக்கிறப்ப அவ வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? 'எங்கண்ணன் இருக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. அவளா இப்புடி. பள்ளிக்கொடம் விட்டு நேரா என் கொடைக்குக் கீழ வந்து உக்காருவா, பல்லு வெட்டாத புதுச் சாவிய நூல்ல கோத்து ரெண்டு காதுலயும் தொங்கவிட்டுக்கிட்டு, "அண்ணே, என் கம்மலு எப்புடி?"ம்பா. சாவி வெட்ட வந்த ஆளு, "அம்மா, அதுல எடது காதுதான் என் பஜாஜு, கழட்டிக் குடுத்தா நான் வீட்டுக்குப் போவேன்"ம்பாரு. அந்தக் காது. அந்தக் காதுக்காரி இப்பப் பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, என்னியப் பாக்காம, கோயில் தூண் ஓரமா நிக்கிறா.

தேஞ்சு போச்சு, எல்லாம் தேஞ்சு போச்சு. தேஞ்ச சாவி எப்புடி இருக்கும்னு யாரும் உத்துப் பாக்க மாட்டாக, திரும்புற வரைக்கும் திருப்பிட்டே இருப்பாக. மயிரிழை வெளிய இழுத்துத் திருப்புனாத்தான் பிடிக்கும், கொஞ்சம் மேல தூக்குனாத்தான் பிடிக்கும், அந்தப் பக்குவம் தெரிஞ்ச கை ஒண்ணு இருக்கும், அந்தக் கைக்கு மட்டும் பழகியிருக்கும். ஒரு நாளு அதுவும் பிடிக்காது. அப்பக் கொண்டாந்து என் முன்னாடி வீசுவாய்ங்க, "இதே மாதிரிப் புதுசு ஒண்ணு போடு". இதே மாதிரிப் போட்டா அதுவும் தேஞ்ச மாதிரியே வருமேன்னு சிரிப்பேன். இப்பச் சிரிப்பு வரல. நான் எந்தப் பூட்டுல பிடிக்கிறேன்? கல்யாண வீட்டுல வாசல்ல வண்டி நிறுத்தச் சொல்வாய்ங்க, எழவு வீட்டுல பீரோவத் தெறக்கச் சொல்வாய்ங்க, பந்தியில எல தீந்து போச்சும்பாய்ங்க. பொட்டு வச்சுச் சந்தனம் பூசிச் சீட்டு மேல மல்லாத்தி வச்சிருக்குற சாவி அண்ணன். புத்தி கெட்டுப் போயிப் பூட்டிக்கிட்டாலும் அத ரோசம்பாய்ங்க. கம்பி பிடியில படாம வழுக்குது. நடிப்புக்கு வழுக்குதா, நெசமாவே வழுக்குதா? ஒரு வேள இப்ப நான் மெய்யாலுமே இழுத்தாத் தெறக்காமப் போயிருமோ? இம்புட்டு நேரம் தெரியாத மாதிரி நடிச்சதுல கை மறந்து போயிருக்குமோ? இழுத்துப் பாத்துரலாமா. இல்ல, இழுக்காத. இழுத்தா அவரு மடி. இழுக்காட்டி? பத்தரை ஆயிரும், நாளத் தள்ளி வச்சிருவாய்ங்க, அடுத்த மாசம் அவரு தோட்ட எடுத்துக்கிட்டு அவரு மடியோட வருவாரு, அப்பவும் நான் கீழ மூலையில வட்டத்துக்குள்ளதான். அட, இது எனக்கு ஏன் இம்புட்டு நேரம் தோணல. வஞ்சம் தீக்குறோம்னு உக்காந்து வெயில்ல வெந்தது நான்தானா. யாராச்சும் கேளுங்களேன்டா. பொட்டல் நெறையச் சொந்தம் நிக்கிறீங்க, சாமியாடி இருக்கீக, கெழவி கட்டைக இருக்கீக, ஒருத்தருக்கும் நாக்கு வரலையா. கொட்டு வேற விட்டு விட்டு அடிக்கிறாய்ங்க, நெத்தியில அடிக்கிற மாதிரி இருக்கு.

சேலை சரசரன்னுச்சு. பஞ்சவர்ணம் என் பக்கத்துல வந்து குத்தவச்சா, கையில ஒரு சொம்புத் தண்ணி. "குடிண்ணே"ன்னா சத்தமா. நான் அவளப் பாக்கல. "ஒன் புருசனுக்குக் குடு, அவருதான் மூஞ்சி வெளிறிப் போயி நிக்கிறாரு." அவ சொம்ப என் வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு, ஒதடு அசையாம, "எப்பத் தெறக்குறதா உத்தேசம்?"ன்னா. "தெறக்க மாட்டேங்குது." "ஆத்தாடி. எங்கிட்டயே கத சொல்றியா. எடது கையால காத்த எறக்கி விடுறத அப்போதருந்து பாக்குறேன்." எனக்குத் தண்ணி பொரை ஏறிப் போச்சு. "இருமாதண்ணே. தோடு கொண்டாந்தியா இல்லையா?" கேட்டுட்டா. கேட்டே கேட்டுட்டா. குத்திக் காட்டணும்னு எம்புட்டோ சேத்து வச்சிருந்தேன். "கொண்டாந்தேன்"னு மட்டும் வந்துச்சு. "தெரியும். ராக்கு மதினி போன்ல சொல்லிருச்சு, அதோட தோட்டத்தான் அழிச்சதுன்னு. அதான் சாவிய உள்ள வச்சுட்டு இடுப்பால கதவச் சாத்துனேன். அதான் தானாப் பூட்டிக்கிரும்னு காலைலயே அவரே பாடம் நடத்துனாருல்ல." நான் வாயப் பொளந்து அவளப் பாத்தேன். "எம் பேச்சு அங்க எடுபடலண்ணே. பத்திரிகை அடிச்சப்ப ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்து பாத்தேன், வேலை போயிரும்ங்குறாரு ஓம் மாப்ள. சரி, வாயால ஆகாதுன்னு விட்டேன். கூறு கெட்டவளாம்ல நானு, கேட்டேல்ல? எந்திரி, நேரம் போவுது." இம்புட்டு நேரம் வஞ்சம் என்னுதுன்னு நெனச்சு உக்காந்திருக்கேன், அம்புட்டுப் பேரு முன்னாடி திட்டு வாங்கி அதுக்கு வெலை குடுத்தவ அவ. அவ எந்திரிச்சா, சேலையத் தட்டுனா, கொட்டுச் சத்தம் விட்ட எடவெளியில கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துனா, "காரு தெறக்குறப்பத் தெறக்கட்டும்! எங்கண்ணன் தோடு கொண்டாந்திருக்கு! கூடப் பொறந்த மாமன் தோடு இருக்கையில எதுக்கு ராகு காலத்த எதிர்பாத்து நிக்கணும்?" அப்புறம் பெருசு ஒண்ணு, "அட ஆமால்ல"ன்னுச்சு. இந்த 'ஆமால்ல' இம்புட்டு நேரம் எங்க போயிருந்துச்சு, புகையில வாங்கவா? பத்தரு ஊசியத் தூக்கிக் காட்டி, "யாரு தோடா இருந்தாலும் சரிய்யா, சட்டுப்புட்டுன்னு கொண்டாங்க"ன்னாரு. மாப்ள கடிகாரத்தப் பாத்தாரு, அண்ணனப் பாத்தாரு, பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாரு, அதுல என்ன தெரிஞ்சுச்சோ, "கொண்டாங்க மச்சான்"ன்னாரு.

ஓடுறேன். வேப்ப மரத்தடிக்கு ஓடுறேன். டீவியெஸ் பெட்டிச் சாவி என் இடுப்பு அண்ணாக்கயித்துல தொங்குது, அது சாவியே இல்ல, பல்லெல்லாம் தேஞ்சு நாக்கு வழிக்கிற தகடு மாதிரி ஆயிருச்சு, ஊருக்கெல்லாம் புதுசு வெட்டுனவன் தனக்கு வெட்டிக்கல. மயிரிழை வெளிய இழுத்து, கொஞ்சம் மேல தூக்கி, திருப்புறேன். பிடிக்கல. இன்னும் கொஞ்சம் மேல. பிடிக்கல. பின்னாடி பூராப் பேரும் பாக்குறாய்ங்க, முதுகு எரியுது, "என்ன சாவி, ஒன் பூட்டும் கூச்சப்படுதா?" அண்ணன்தான், வேற யாரு. திருப்புனேன். டக்குன்னு ஒரு சத்தம். தெறந்துருச்சுன்னு நெனச்சேன். பாதிச் சாவி என் கைல இருக்கு, பாதி பூட்டுக்குள்ள இருக்கு. அன்னைக்கு ஒரு நிமிசம் நான் எப்புடி நின்னேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். காதுக்குள்ள ஒண்ணுமே கேக்கல, வெயிலு மட்டும் கேக்குது. ராக்கு காது தெரியுது, தோடு இல்லாத காது, ஓட்டையில வேப்பங் குச்சி சொருகியிருப்பா. அப்ப யாழி கத்துச்சு, மொட்டத் தலையோட, அவ அம்மா இடுப்புல இருந்து, "மாமா, எத்து!"ன்னு. எத்துனேன். கால்ல இருந்த செருப்பு பறந்து பந்திப் பக்கம் போயி விழுந்துச்சு. தகரம் நெளிஞ்சு பெட்டி வாயப் பொளந்துருச்சு, அரம் உருளுது, திருப்புளி உருளுது, மஞ்சத் துணி மட்டும் என் உள்ளங்கைக்குள்ள வந்து உக்காந்துச்சு. ஒத்தச் செருப்போட கோயில் வாசலுக்கு ஓடி, சம்மணம் போட்டு உக்காந்தேன். மடியில பிள்ள. கனமா இருந்துச்சு. பொம்ம மாதிரி லேசா இருக்கும்னு நெனச்சிருந்தேன், இல்ல, கனம், சூடு, சந்தன வாசம். ஊசி எறங்குன ஒடனே வீல்னு கத்திக்கிட்டு என் கட்ட வெரலப் பிடிச்சுக் கடிச்சுச்சு பாருங்க, ரத்தம் வந்துருச்சு. அடுத்த காதுக்கு வேட்டிய நனைச்சுருச்சு. பஞ்சவர்ணம் போன்ல வீடியோ போட்டு ராக்குகிட்டக் காட்டுறா, அங்கிட்டிருந்து மூக்கு உறிஞ்சுற சத்தந்தான் வருது.

அப்புறம் எந்திரிச்சேன். நனைஞ்ச வேட்டியோட, ஒத்தச் செருப்போட, வெரல்ல ரத்தத்தோட நடந்து காருகிட்டப் போனேன். கூட்டம் பூராம் பின்னாடியே வந்துச்சு. பை, புஸ், கம்பி, ஒரே இழு. டொக். கதவு தெறந்துருச்சு. அண்ணன் கதவப் பாத்தாரு, என்னியப் பாத்தாரு, மீசை ரெண்டு பக்கமும் துடிக்கிது. "அம்புட்டு நேரம் என்னடா பண்ணிக்கிட்டிருந்த?" நான் சீட்டு மேல இருந்த ரிமோட்ட எடுத்து, துண்டால தொடைக்கல, பொட்டு கலையாம அப்புடியே அவரு உள்ளங்கையில வச்சேன். "ரோசக்காரிண்ணே. நான் ஒண்ணும் பண்ணல. என்னியத் தாய்மாமன்னு கூப்புடுற வரைக்கும் தெறக்க மாட்டேன்னுட்டா."

சந்தனத்த நான் இன்னும் சொரண்டிக் குடுக்கல. அவராவும் கேக்கல. அதனால வாரத்துல ரெண்டு நாளு, ஏதாவது ஒரு பெட்ரோல் பங்குல, ஏதாவது ஒரு டீக்கடை வாசல்ல, அந்தக் காரு தானாப் பூட்டிக்கிருது, எனக்குப் போன் வருது. "வீரணா"ன்னுதான் கூப்புடுறாரு இப்ப, முழுப் பேரும். நான் பைய டீயக் குடிச்சுட்டுத்தான் கெளம்புவேன். சரி, கத முடிஞ்சு போச்சு, என்ன ஆளாளுக்கு வானத்தப் பாக்குறீக? ஓசியில கேட்டுப்புட்டு நழுவலாம்னா நடக்காது, டீயும் வடையும் இந்தப் பக்கம் வரட்டும், வேட்டி தொவைச்ச கூலி தனி. ஒங்கள்ல யாரு வண்டிப் பூட்டு தேஞ்சிருக்கு, எது எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். எடுங்க, எடுங்க, என் எடது கை சும்மா இருக்கையிலயே எடுத்துருங்க.